ஏசி கேஸ் தீர்ந்துபோகுமா?

கோடை வந்தாலே பல வீடுகள்ல கேட்கிற ஒரு பேச்சு: "கேஸ் தீர்ந்துடுச்சு சார், ஃபில் பண்ணணும்." ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடிய குழாய்க்குள்ளேயே சுத்துற வாயு அது. அறையோட சூட்டை வாங்கி ஆவியாகும். அவுட்டோர் யூனிட்டில் சூட்டை விட்டுட்டு மறுபடி திரவமாகும். குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். குளிர்சாதன வரலாற்றையே கசிவோட வரலாறுன்னு சொல்லலாம்னு எனக்குத் தோணும்.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் நவீன ஏர்கண்டிஷனிங்கை வடிவமைத்தார். மனுஷங்களுக்காக இல்லை. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன; அதைச் சரிபண்ணத்தான்.

அந்தக் காலத்துக் குளிர்சாதனங்களில் இருந்தது அமோனியா, மெத்தில் குளோரைடு, சல்ஃபர் டை ஆக்சைடு. எல்லாமே விஷம். 1920-களில் ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் வந்ததும், கசிவில் ஆட்கள் செத்தாங்க. இந்த ஆபத்தைப் பார்த்து ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து, இயங்கும் பாகமே இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள். 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனா அது கடைக்கு வரவே இல்லை.

காரணம், அதுக்குள்ள ஃப்ரியான் வந்துடுச்சு. அதை உருவாக்கிய தாமஸ் மிட்ஜ்லி, 1930-ல் வேதியியலாளர்கள் முன்னால அந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல ஊதி அணைச்சுக் காட்டினார். விஷமில்லை, தீயும் பிடிக்காது. கசிஞ்சா நிரப்பிக்கலாம்கிற அலட்சியம் இங்கேதான் வேர்விட்டதுன்னு நான் நினைக்கிறேன்.

1974-ல் மோலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் ஓசோனை அழிக்கும்னு சொன்னாங்க. 1985-ல் அண்டார்டிகா மேல ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். நம்ம வீட்டு ஏசிகளில் இருந்த ஆர்-22வும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இப்போ பரவலா இருக்கிற ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனா ஒரு கிலோ கசிந்தால், 100 வருஷக் கணக்கில், 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். லேசாத் தீப்பிடிக்கவும் செய்யும். ஆக, கசிவைப் பத்தின பயம் திரும்பி வந்திருக்கு. வரவேண்டியதுதான்.

விண்டோ ஏசியில் கேஸ் குழாய் முழுக்க ஃபேக்டரியிலேயே மூடி வரும். ஸ்பிளிட் ஏசி அப்படியில்லை. அதோட காப்பர் பைப் நம்ம வீட்டுச் சுவரில்தான் இணையுது. பைப் முனையை விரித்து நட்டால் இறுக்குற அந்த இடத்தில்தான் கசிவு சுலபமா ஆரம்பிக்கும். அதனால மாட்டும்போதே பக்கத்தில் நில்லுங்க. நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத்தண்ணி தடவிப் பார்க்கணும். அப்புறம் வேக்வம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கணும். ஏசியில் இருக்கிற கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுறது இதுக்கு மாற்று ஆகாது. ஈரம் உள்ளே தங்கினா கம்ப்ரஸருக்குத்தான் கேடு.

அடுத்த கோடையில் யாராவது "கேஸ் தீர்ந்துடுச்சு"ன்னா, எவ்வளவு ஆகும்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எங்கே கசியுதுன்னு கேளுங்க. ஓட்டையை அடைக்காம நிரப்பினா அடுத்த வருஷமும் அதே செலவுதான்.