கண்ணுக்கு எட்டாத வேகம்: குரல்நாண் படப்பிடிப்பும் நோயறிதலும்

பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களின் குரல்நாண்கள் ஏறத்தாழ இருநூறு முறையும் திறந்து மூடுகின்றன. மேலைச் சங்கீதத்தில் உச்சஸ்தாயி பாடும் பெண்ணின் தொண்டையில் இந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடும். இத்தனை வேகத்தை மனிதக் கண்ணால் பின்தொடர முடியாது. குரல்வளையைக் காணும் முயற்சியின் வரலாற்றைப் பொதுவாக ஒளியின் வரலாறாகச் சொல்வது வழக்கம்: முதலில் கண்ணாடி, பிறகு விளக்கு, பிறகு லென்ஸ், கடைசியில் கேமரா, இருட்டான ஓரிடம் படிப்படியாக வெளிச்சத்துக்கு வந்தது என்பதே அந்தக் கதை. இக்கட்டுரை அதிலிருந்து மாறுபடுகிறது. வெளிச்சச் சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது காலச் சிக்கல். ஒவ்வொரு கருவியும் அதிர்வின் காலத்தை எப்படிக் கையாண்டதோ, அதைப் பொறுத்தே எந்த நோய் மருத்துவர் கண்ணில் பட்டது, எது தப்பியது என்பது அமைந்தது.

கண்ணாடி காட்டியதும் காட்டாததும்

பிராங்ஃபர்ட் மருத்துவர் பிலிப் போட்சினி 1806-07இல் மெழுகுவத்தி ஒளியை உடல் துவாரங்களுக்குள் செலுத்தும் கருவியொன்றை உருவாக்கினார். லண்டனில் பெஞ்சமின் கை பாபிங்டன் 1829இல் தொண்டைக்கான கண்ணாடிக் கருவியை மருத்துவர்களிடம் காட்டினார். இரண்டும் பரவலாகவில்லை. திருப்பத்தை உண்டாக்கியவர் மருத்துவரே அல்லர். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர். 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பி, தம் குரல்நாண்களைத் தாமே பார்த்தார். அந்தக் கண்டறிதல்கள் 1855இல் லண்டன் ராயல் சொசைட்டியில் முன்வைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் லுட்விக் டுர்க்கும் யோகான் செர்மாக்கும் இதை மருத்துவ முறையாக்கினார்கள். சூரியனுக்குப் பதிலாக விளக்கையும், அதன் ஒளியைக் குவிக்கும் குழியாடியையும் செர்மாக் பயன்படுத்தினார். யார் முதலில் என்று இருவரும் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டது தனிக்கதை. 1880களில் நியூயார்க்கின் புரூக்ளினில் தாமஸ் ஃபிரெஞ்சு குரல்வளையைத் தெளிவாகப் புகைப்படம் எடுக்கும் அளவுக்கு ஒளி வசப்பட்டிருந்தது.

ஆனால் இவை அனைத்தும் வடிவத்தைக் காட்டின, செயலைக் காட்டவில்லை. குரல் எழும்போது நாண்களின் ஓரம் கண்ணாடியில் வெறும் மங்கலாகவே தெரியும். காற்று சிறுசிறு வெடிப்புகளாக அடுத்தடுத்து வெளியேறுவதால் ஒலி பிறக்கிறது என்ற முடிவுக்குக் கார்சியா வந்தாரென்றால், அது பார்த்த உண்மை அன்று, ஊகித்த உண்மை. கட்டி, புண், வீக்கம், அசையாத நாண் ஆகியவற்றைக் கண்ணாடி பிடித்தது. பார்வைக்கு ஒழுங்காக இருந்தும் சரியாக அதிராத நாணை அதனால் பிடிக்க முடியவில்லை.

ஒட்டிச் சேர்த்த அசைவு

காலச் சிக்கலுக்கு முதல் விடை, வேடிக்கைப் பொருளாகப் பிறந்த ஒரு கருவியிலிருந்து வந்தது. 1832-33இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் வியன்னாவின் சைமன் ஸ்டாம்ஃபரும் தனித்தனியே உருவாக்கிய துளைத் தட்டு, அசையாப் படங்களை அசைவதுபோல் காட்டியது. அதே தத்துவத்தைத் தலைகீழாக்கி, வேகமான அசைவை மெதுவாகக் காட்டலாம். மியூனிக்கின் மாக்ஸ் யோசப் ஓர்டல் 1878இல் சுழலும் துளைத் தட்டால் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சி, அதிரும் குரல்நாண்களைப் பார்த்தார்; ஸ்ட்ரோபோஸ்கோபி எனப்படும் முறை இதுவே. டியூப்லைட் வெளிச்சத்தில் சுழலும் மின்விசிறி சில சமயம் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றுமே, ஏறக்குறைய அதுவே இங்கும் நடக்கிறது. நொடிக்கு 200 முறை அதிரும் நாண்மீது நொடிக்கு 199 முறை ஒளி பாய்ச்சினால், ஒவ்வொரு மின்னலும் முந்தையதைவிடச் சற்றே தள்ளிய கட்டத்தைக் காட்டும். நாண்கள் நொடிக்கு ஒரே ஒரு முறை திறந்து மூடுவதுபோல் தெரியும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்த ஒரு நொடியில் நாம் பார்ப்பதாக நினைக்கும் 'ஓர் அதிர்வு' எங்குமே நிகழவில்லை. உண்மையில் நடந்த 200 அதிர்வுகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டாக எடுத்து ஒட்டிச் சேர்த்த தோற்றம் அது. நொடிக்கு 25 படம் எடுக்கும் வீடியோ கேமராவில் பதிந்தால் 25 துண்டுகளே எஞ்சும். அதிர்வுகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால் மட்டுமே இந்த ஒட்டுவேலை உண்மைக்கு நெருக்கமாக அமையும். விழித்திரையில் காட்சி சிறிது நேரம் தங்குவதே இத்தோற்றத்துக்குக் காரணம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் டால்பட் விதியின் பெயரால் சொல்லிவந்தன. 2010இல் மேத்தா, டெலியிஸ்கி, ஹில்மன் ஆகியோர் அந்த விளக்கம் தவறென்று காட்டினார்கள்: விட்டுவிட்டு வரும் படங்களிலிருந்து மூளை தொடர்ந்த அசைவை உருவாக்கிக்கொள்வதும், நடுக்கமற்ற சீரான ஒளியாக அதை உணர்வதுமே காரணங்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் புழங்கிய கருவியின் விளக்கமே அண்மைக்காலம்வரை பிழையாக இருந்தது என்பது, அதன் படத்தை எவ்வளவு இயல்பாக 'பதிவு' என்று நம்பிவந்தோம் என்பதற்குச் சான்று.

உண்மையான காலம், பயன்படாத படம்

இரண்டாவது விடை நேரடியானது: அதிர்வைவிட வேகமாகப் படமெடுப்பது. அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் ஃபார்ன்ஸ்வொர்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1930களின் இறுதியில் நொடிக்கு 4000 படம் எடுக்கும் கேமராவால் குரல்நாண்களைப் படம்பிடித்தார்கள். இங்கே ஒட்டுவேலை இல்லை. ஒவ்வொரு அதிர்வும் தனித்தனியே பதிவானது. ஆயினும் இது மருத்துவமனைக்குள் நுழையவில்லை. பிலிமைக் கழுவி, படம் படமாக அளந்து முடிப்பதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். அதைவிட ஆழமான தடையும் இருந்தது: படத்தில் எதைத் தேடவேண்டும் என்று சொல்லும் கோட்பாடு அப்போது இல்லை.

அந்தக் கோட்பாடு ஒரு சர்ச்சையின் வழியாக வந்தது. ஒவ்வொரு அதிர்வையும் ஒரு நரம்புத் துடிப்பே தூண்டுகிறது என்று 1950இல் பிரெஞ்சு ஆய்வாளர் ராவுல் யூசோன் வாதிட்டார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர ஆய்வாளர் யான்வில்லம் வான் டென் பெர்க் 1958இல் அதற்கு மாற்றாக, தசையின் மீள்தன்மையும் காற்றின் ஓட்டமும் சேர்ந்தே அதிர்வை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். உடலிலிருந்து பிரித்தெடுத்த குரல்வளையிலும் காற்றைச் செலுத்தினால் நாண்கள் அதிர்கின்றன. அங்கே நரம்புத் துடிப்புக்கு இடமே இல்லை. பிறகு ஜப்பானின் குருமே நகரில் மினோரு ஹிரானோ 1974இல், நாண் ஒரே பொருளாலான கயிறு அன்று, இறுகிய தசை உடலும் அதன்மேல் நெகிழ்ந்து நழுவும் உறையும் கொண்ட அடுக்கமைப்பு என்று விளக்கினார். நாணின் மேற்பரப்பில் பரவும் சளிச்சவ்வு அலைக்கு அப்போதுதான் மருத்துவப் பொருள் கிடைத்தது. அலை ஓரிடத்தில் நின்றுபோனால் அங்கே உறை உடலோடு ஒட்டியோ விறைத்தோ இருக்கிறது எனலாம். ஒரு காட்சி நோய்க்குறியாக மாறியது இந்த இடத்தில்தான்.

வீடியோ மாற்றியது எதை?

1960களில் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித்தண்டு லென்ஸ் தெளிவான பெரிதாக்கிய காட்சியைத் தந்தது. டோக்கியோவின் சவாஷிமாவும் ஹிரோசேயும் 1968இல் அறிமுகப்படுத்திய வளையும் இழை ஒளிக்கருவி, மூக்கு வழியே சென்று பேச்சின்போதே குரல்வளையைப் பார்க்கவைத்தது. மைக் வழியாகக் குரலின் அதிர்வெண்ணைக் கண்டு தானே இசைந்து மின்னும் மின்னணு விளக்கு, நோயாளியே தட்டின் வேகத்துக்கேற்பச் சுருதி பிடிக்கவேண்டிய சுமையை நீக்கியது. இவற்றோடு வீடியோ கேமரா சேர்ந்தபோது பிறந்ததே வீடியோ ஸ்ட்ரோபோஸ்கோபி. டயான் பிளெஸ், ஹிரானோ, ஃபீடர் ஆகியோரின் 1987 கட்டுரையும், ஹிரானோவும் பிளெஸும் எழுதிய 1993 நூலும் அதைப் படிக்கும் முறையை வகுத்தன: அதிர்வின் வீச்சு, சளிச்சவ்வு அலை, இரு நாண்களின் ஒப்புமை, ஒழுங்கு, மூடலின் வடிவம், அதிராத பகுதி.

அக்கால வீடியோப் படம், லென்ஸ் வழியே நேரில் பார்க்கும் காட்சியைவிட மங்கலானது. அப்படியிருந்தும் அதுவே வென்றது. தெளிவே முன்னேற்றம் என்ற கதையால் இதை விளக்க முடியாது. கண்ணாடியில் மருத்துவர் கண்டதை வேறெவரும் சரிபார்க்க இயலாது. அவர் எழுதிவைத்த குறிப்பே மிஞ்சும். வீடியோவோ சில நொடிக் காட்சியை எத்தனை முறையும் திருப்பிப் பார்க்கக் கூடியதாக்கியது. அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். குரல் பயிற்சியாளரும் நோயாளியும் உடனிருந்து பார்க்கலாம். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு வேறுபடலாம். தனிப்பார்வை பொதுச் சான்றானது.

இதற்கு எழும் முதல் மறுப்பு: பெரும்பாலான குரல் நோய்களைச் சாதாரண ஒளியிலேயே கண்டுவிடலாமே, இந்தச் செலவு எதற்கு? மறுப்பில் உண்மை உண்டு. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகளில், இம்முறையால் நோயறிதல் மாறிய விகிதம் ஓர் ஆய்வில் 14 விழுக்காடு, இன்னோர் ஆய்வில் 47 விழுக்காடு. பாடகர்கள் அதிகம் வரும் மருத்துவமனையையும் எல்லோரும் வரும் மருத்துவமனையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் சிறிய விகிதத்தின் பின்னாலும் பெரிய முடிவுகள் நிற்கின்றன. குரல் முடிச்சும் உள்ளே புதைந்த நீர்க்கட்டியும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கலாம். முடிச்சின்மேல் அலை பெரும்பாலும் ஓடும், நீர்க்கட்டியின்மேல் தடைபடும். முன்னதற்குக் குரல் பயிற்சி, பின்னதற்குப் பொதுவாக அறுவை. அதே சமயம் அலை நின்றதை வைத்தே புற்று ஊடுருவியது என்று முடிவுகட்ட முடியாது. வெறும் தோல்தடிப்பும் அலையை நிறுத்தும். திசுப் பரிசோதனையின் இடத்தை வீடியோ பிடிக்கவில்லை. எங்கே சந்தேகப்படவேண்டும் என்று சொல்கிறது. குரலின் ஒலியை அளந்தால் போதாதா என்பாருக்கும் விடை இதுவே: பழுது இருப்பதை ஒலி சொல்லும், எந்த நாணில், எந்த இடத்தில் என்று சொல்லாது.

ஒழுங்கற்ற குரலின் முன்

இரண்டாவது மறுப்பு வலுவானது. இக்கட்டுரையின் வாதத்திலிருந்தே எழுவது. ஒழுங்கான அதிர்வைக் கருதுகோளாகக் கொண்ட கருவி, ஒழுங்கு குலைந்த குரலில் என்ன செய்யும்? சுருதி தடுமாறும்போது மின்னல் இசைவை இழக்கிறது; ஒட்டிச் சேர்த்த துண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. குரல் மோசமாகக் கெட்ட நோயாளிகளிடம்தான் கருவி கைவிடுகிறது. பட்டேல், டெய்லி, பிளெஸ் ஆகியோரின் 2008 ஒப்பீட்டு ஆய்வு இக்குறையை வெளிப்படையாக்கியது. தீர்வுகள் முன்பே தொடங்கியிருந்தன: டோக்கியோவில் 1980களில் டிஜிட்டல் அதிவேகப் படப்பிடிப்பு, 1996இல் யான் ஸ்வெட்ஸும் ஹார்ம் ஸ்குட்டேயும் முன்வைத்த வீடியோகைமோகிராஃபி. பின்னது முழுப் படத்தை விட்டுவிட்டு, நாண்களுக்குக் குறுக்கே ஒரே கோட்டை மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 8000 முறை படித்து, அடுத்தடுத்து அடுக்குகிறது. இடத்தைத் துறந்து காலத்தை வாங்கிய கருவி அது.

அப்படியானால் ஸ்ட்ரோபோஸ்கோபியை ஓரங்கட்டிவிடலாமா? கூடாது என்பதற்குக் கணக்கே போதும். நொடிக்கு 4000 படமாக இரண்டு நொடி பதிந்தால் 8000 படங்கள். அவற்றை நொடிக்கு 25 வீதம் ஓட்டிப் பார்க்க ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். ஒரு நிமிடப் பரிசோதனையை இவ்வாறு பார்ப்பதற்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகிவிடும். ஓடும் காட்சியோடு குரலையும் சேர்த்துக் கேட்க முடியாது. ஸ்ட்ரோபோஸ்கோபியோ வெவ்வேறு சுருதியிலும் உரப்பிலும் நாண்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, குரலைக் கேட்டபடியே, அப்போதைக்கப்போது காட்டுகிறது. அதிவேகப் படம் தருவது அதிர்வின் நுண்ணுருவம். ஸ்ட்ரோபோஸ்கோபி தருவது குரலின் நடத்தை. ஒன்று மற்றொன்றின் திருந்திய பதிப்பன்று.

இந்த வரலாற்றைக் கருவிகளின் வாரிசு வரிசையாகப் படித்தால், புதியது பழையதை வெல்லும் என்ற முடிவுக்கே வருவோம். காலத்தைக் கையாண்ட முறைகளின் வரலாறாகப் படித்தால், ஒவ்வொரு படமும் எந்தக் கருதுகோளின் மேல் நிற்கிறது என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு நடைமுறைப் பயன் உண்டு. 'நாண்கள் ஒழுங்காக அதிர்கின்றன' என்று ஸ்ட்ரோபோஸ்கோபி அறிக்கை எழுதுபவர், மின்னல் குரலோடு தொடர்ந்து இசைந்ததா என்பதையும் அதே வரியில் எழுதவேண்டும். இசையவில்லையென்றால், ஒழுங்கற்ற அதிர்வு என்று தோன்றியது நாணின் நோயா, கருவியின் தடுமாற்றமா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. அதிவேகப் படமோ கைமோகிராஃபியோ தேவைப்படும் நோயாளி அவரே. மற்றவர்களுக்கு ஓர்டலின் பழைய உபாயம், அதன் கருதுகோளை மறவாதவர் கையில், இன்றும் போதும்.