அடியும் வெடியும்

தீப்பொறி பட்டால் வெடிமருந்து வெடிக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். தீயே இன்றி, ஓர் அடியால் வெடிக்கும் பொருள்களும் உண்டு. அவற்றைக் கையாள மனிதன் கற்ற வரலாறு, உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற வரலாறாகும்.

1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியலறிஞர் நைட்ரோகிளிசரினைக் கண்டறிந்தார். ஆய்வின்போது நேர்ந்த வெடிப்பு அவர் முகத்தில் வடுவை விட்டுச் சென்றது. அதன் கொடுந்தன்மைக்கு அஞ்சிய அவர், அதனைத் தொழிலுக்குப் பயன்படுத்த முனையவில்லை.

முனைந்தவர் சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபெல். தீயிட்டால் அத்திரவம் எப்போதும் ஒழுங்காக வெடிப்பதில்லை. சிறு வெடியொன்றின் அதிர்ச்சி தாக்கினாலோ தவறாது வெடிக்கும் என்பதை அவர் கண்டார். ஆயின், வேண்டாத வேளையிலும் அது வெடித்தது. 1864 செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் அவருடைய கூடம் வெடித்துச் சிதறியது. மாண்டோருள் அவர் தம்பி எமிலும் ஒருவர். 1866 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், எண்ணெய் கசிந்த பெட்டியொன்றைச் சம்மட்டியும் உளியும் கொண்டு திறக்க முற்பட்டனர். உள்ளே இருந்தது நைட்ரோகிளிசரின் என்பதை அவர்கள் அறியார். பலர் உயிரிழந்தனர். 1867இல் நோபெல், அத்திரவத்தை நுண்துளை மண்ணில் ஊறச் செய்து டைனமைட்டாக்கி, அதன் சீற்றத்தைத் தணித்தார்.

அடிக்கும் வெடிக்கும் உள்ள தொடர்புதான் யாது? இருபதாம் நூற்றாண்டில் பௌடன், யாஃபே ஆகிய அறிஞர்கள் இதனை விளக்கினர். அடி விழும்போது வெடிபொருள் முழுவதும் சூடாவதில்லை. அதனுள் சிக்கிய நுண்ணிய காற்றுக்குமிழிகள் நசுங்கிச் சூடேறுகின்றன. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாய் சூடாவதை நம் மாணவர் அறிவரன்றோ? அதே நியதிதான். கண்ணுக்குப் புலப்படாத அந்த வெப்பப்புள்ளியிலிருந்தே வெடிப்பு பரவுகிறது. குமிழிகளற்ற நைட்ரோகிளிசரினை வெடிக்கச் செய்ய மிக வலிய அடி வேண்டும். 1952இல் வெளிவந்த அவர்களது நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

இவ்வறிவின் தேவையை 1966 ஜனவரி 17 உலகிற்கு உணர்த்தியது. ஸ்பெயினின் பலோமாரெஸ் சிற்றூரின் மேல் அமெரிக்கப் போர்விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி, நான்கு அணுகுண்டுகள் வீழ்ந்தன. அணுவெடிப்பு நிகழவில்லை. எனினும், இரண்டு குண்டுகளிலிருந்த சாதாரண வெடிமருந்து தரையில் மோதிய அதிர்ச்சியால் வெடித்து, நச்சுத்தன்மையுடைய புளூட்டோனியத்தை வயல்வெளிகளில் சிதறடித்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே, அடிக்கு எளிதில் இணங்காத 'டிஏடிபி' என்னும் பொருள் அணுகுண்டுகளில் இடம்பெறலாயிற்று. அப்பொருளோ 1888இலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டதாகும்! பயன் அறியப்படாமல் அது பல்லாண்டு காத்திருந்தது.

அழிவுக் கருவியைப் பாதுகாப்பாக்குவதும் அறிவியலா என மாணவர் வினவக்கூடும். வினவுவது நன்றே. ஆனால், சுரங்கத்தில் பாறை பிளப்பவரும் சரக்குப் பெட்டியைச் சுமப்பவரும் இவ்வாராய்ச்சியால் உயிர் பிழைக்கின்றனர் என்பதையும் நாம் அவர்களுக்குச் சொல்லவேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் உளியைப் பிடித்த கைகளுக்கு அன்று இல்லாதிருந்தது, பெட்டிக்குள் இருப்பது என்ன என்ற அறிவேயாகும்.