காருக்குள் ஒரு சித்திர சபை

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் அருவிச் சத்தத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது வண்டிகளின் பாட்டுச் சத்தம்தான். ஐந்தருவிப் பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பழைய அம்பாசிடர் ஒன்றில் கேசட் போடும் வாய் இன்னும் இருக்கும். டூரிஸ்ட் வேனில் பென் டிரைவ் சொருகியிருக்கும். பத்து வருஷம் ஓடிய ஸ்விஃப்ட்டில் ஆக்ஸ் ஒயர் தொங்கும். போன மாதம் டெலிவரி எடுத்த எஸ்.யு.வி.யில் ஒயரே இருக்காது. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் போன் தானாகப் போய்க் காரோடு ஒட்டிக்கொள்ளும். நாலு வண்டியிலும் ஓடுவது ஒரே இளையராஜா பாட்டாக இருக்கலாம். அது வண்டிக்குள் நுழைந்த வாசல்தான் வேறு வேறு.

அந்த வாசல்களின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். போனைக் காரோடு இணைப்பது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அதற்குள் ஒரு பொருத்தமில்லாத கல்யாணம் ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் சொந்தக் காரின் ஆர்.சி.யே முதலில் 15 ஆண்டுக்குக் கொடுக்கப்படுகிறது. போனோ மூன்று நான்கு வருஷத்தில் கிழடாகிவிடுகிறது. ஒரு காரின் வாழ்நாளில் நாலைந்து போன்கள் வந்து போகும். இவ்வளவு ஆயுள் வித்தியாசம் உள்ள இரண்டை எப்படிச் சேர்த்து வைப்பது? கடந்த நூறு வருஷமாக இதற்குக் கிடைத்த பதில்களில் சில நிலைத்தன, சில செத்துப்போயின. எது ஏன் நிலைத்தது என்பதுதான் நம் கேள்வி.

முதல் வாசல் ரேடியோ. 1930இல் அமெரிக்காவில் கால்வின் மேனுஃபேக்சரிங் என்ற சிறிய கம்பெனி காருக்கென்று ஒரு ரேடியோவைத் தயாரித்தது. அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டில் முதலாளி பால் கால்வினுக்குக் கடை போட இடமில்லை. மனுஷன் அசரவில்லை. ரேடியோ பொருத்திய தன் ஸ்டூடிபேக்கர் காரை மாநாட்டுக்கு வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். ‘மோட்டார்’ என்ற சொல்லோடு, அந்தக் காலத்து இசைப்பெட்டிகளின் பெயர்களில் வால்போல ஒட்டியிருந்த ‘ஓலா’வைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் மோட்டரோலா. பிறகு கம்பெனியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1973இல் உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்ததும் இதே கம்பெனிதான். காரையும் போனையும் சேர்த்து வைக்க நாம் இன்று படும் பாட்டை நினைத்தால், போன் கம்பெனியின் பெயருக்குள்ளேயே கார் உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான்.

அந்த ரேடியோவைக் காருக்குள் வைத்ததும் முதல் சண்டை தொடங்கியது. என்ஜினில் தெறிக்கும் தீப்பொறி ரேடியோவில் கரகரவென்று கேட்டது. அதை அடக்குவதே அன்றைய பொறியாளர்களின் பெரிய வேலையாக இருந்தது. வெளியே இருந்து ஒரு சாதனம் வண்டிக்குள் வந்தால் வண்டி அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நம் பக்கம் வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. 1952இல் மந்திரி பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. ஜனங்கள் இலங்கை வானொலி பக்கம் சாய்ந்தார்கள். மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்த அந்தத் தமிழ் ஒலிபரப்பு தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டது. 1957இல் விவித் பாரதி வந்தது, 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. மீடியம் வேவ் அலை தரையை ஒட்டி வெகுதூரம் போகும். பின்னால் வந்த எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் சத்தம் உடைந்துவிடும். தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டி மேற்கே போகும் எந்த ஓட்டுநருக்கும் இது பாடம் நடத்தாமலே தெரியும். இந்தக் கட்டத்தில் கருவி காருடையது, பாட்டு நிலையத்துடையது. பயணிக்கு இருந்த ஒரே உரிமை குமிழைத் திருப்புவது.

1963இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியபோது அந்த உரிமை பெரிதானது. பாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறலாம் என்றாகிவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் பஜார்களில் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், “அறுபதா, தொண்ணூறா?” என்று கேட்டு, இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். இன்று பிளேலிஸ்ட் என்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடி அந்த நோட்டுத் தாள். அதே வேலை பின்னால் செல்போன் கடைக்கு மாறியது: “அண்ணாச்சி, இந்த மெமரி கார்டுல புதுப் பாட்டா ஏத்திக் குடுங்க.”

கேசட் காலத்தில் யாரும் கவனிக்காத ஒரு காரியமும் நடந்தது. 1984இல் ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு, காரின் டேஷ்போர்டில் ரேடியோவுக்கு விட வேண்டிய ஓட்டைக்கு அளவு வகுத்தது. சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். அது பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமாகவும் ஆனது. கார் ஆக்சசரீஸ் கடைகளில் ‘சிங்கிள் டின்’, ‘டபுள் டின்’ என்கிறார்களே, அதற்கும் தகர டின்னுக்கும் சம்பந்தமில்லை. அது அந்த ஜெர்மன் அமைப்பின் பெயர்ச் சுருக்கம். என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையின் நாயகன் இந்த ஓட்டைதான். அதில் கேசட் செட் இருந்தது, பிறகு சி.டி. வந்தது, பிறகு யு.எஸ்.பி., பிறகு தொடுதிரை. செட் மாறியது, கார் மாறவில்லை. நாளைக்கு என்ன வரும் என்று தெரியாதவர்கள், வருவதற்கு இடம் விட்டு வைத்தார்கள்.

எல்லோரும் அப்படி இடம் விடவில்லை. 2004இல் ஆப்பிளும் பி.எம்.டபிள்யூவும் சேர்ந்து ஐபாடைக் காரோடு இணைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனால் பாட்டை மாற்றலாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். மற்ற கம்பெனிகளும் ஐபாடின் 30 முள் சொருகியைக் காருக்குள் கொண்டுவந்தன. 2012இல் ஆப்பிள் அந்தச் சொருகியையே கைவிட்டது. கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதிலிருந்த சொருகிக்குப் பொருந்தும் புதுப் போன்தான் இல்லை. அதே சமயம் ஐம்பது ரூபாய் ஆக்ஸ் ஒயர் எல்லாப் போனிலும் வேலை செய்தது. காரணம் எளியது. அந்த 3.5 மி.மீ. குழி 19ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்த சொருகியின் குட்டி வடிவம். அதற்கு இப்போது முதலாளி யாரும் இல்லை. யாரும் நினைத்த நாளில் அதை நிறுத்திவிட முடியாது. 2016இல் ஐபோன் 7 அந்தக் குழியை அடைத்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராக அடைத்தார்கள். ஆனாலும் கார் பக்கத்துக் குழி இன்னும் வேலை செய்கிறது, ஒரு சின்ன அடாப்டர் போதும்.

அடுத்த வாசல் ப்ளூடூத். 1994இல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் ஜாப் ஹார்ட்சன் இதற்கான வேலையைத் தொடங்கினார். 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐ.பி.எம். ஐந்தும் கூட்டுச் சேர்ந்தன. பத்தாம் நூற்றாண்டின் டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயரை இதற்கு வைத்தார்கள். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக்கியவன் என்று பெயர் எடுத்தவன் அவன். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே பேசுகிறது. ஒரு கிளையில் நெரிசல் என்றால் அடுத்த கிளை. குற்றாலத்துக் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். இதுவும் பொது ஒப்பந்தம் என்பதால்தான் பத்து வருஷப் பழைய காரோடு இந்த வருஷத்துப் போனும் பேசுகிறது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய திருப்பம். ஆப்பிளின் கார்ப்ளே 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் வெளியானது. கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டு 2015இல் வந்தது. இரண்டிலும் கார்த்திரையில் தெரியும் வரைபடத்தைக் கார் வரைவதில்லை. போன் வரைகிறது. வரைந்ததை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. கார் அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. நாம் விரலால் தொட்டால், இந்தப் புள்ளியில் தொட்டார்கள் என்ற செய்தி போனுக்குத் திரும்பிப் போகிறது. அந்தப் புள்ளியில் இருந்தது பழைய அருவிக்குப் போகும் வழியா, நிறுத்தச் சொன்ன பாட்டா என்பது காருக்குத் தெரியாது.

நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. அங்கே அவர் ஆடுவது சுவரோவியமாக. பார்க்கிறவருக்கு ஆட்டம் முழுசாக இருக்கிறது. சுவர் சுவராகவே நிற்கிறது. இன்றைய காரின் திரையும் அப்படி ஒரு சுவர். படம் அதன்மேல் தெரிகிறது, உயிர் போனில் இருக்கிறது.

ஒயரில் இணைத்தால் சில சமயம் படம் வராமல் சார்ஜ் மட்டும் ஏறும். யு.எஸ்.பி.யை 1996இல் வெளியிட்ட இன்டெல் குழுவில் முக்கியமானவர் வடோதராவில் பிறந்த அஜய் பட். அன்றைய யு.எஸ்.பி. ஒயருக்குள் நாலு கம்பி: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. மலிவான சார்ஜர் ஒயர்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. கார் கெட்டுவிட்டது என்று பயப்படும் முன் ஒயரை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒயர் இல்லாத இணைப்பில் ப்ளூடூத் கல்யாணத் தரகர் மாதிரி: போனையும் காரையும் அறிமுகம் செய்து, வைஃபை விவரத்தைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். படம் போவதெல்லாம் வைஃபையில்தான்.

இந்த ஏற்பாட்டில் ஆயுள் பிரச்சினைக்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. போனை மாற்றினால் காரின் மூளையும் புதிதாகிறது. ஆனால் இரண்டு கம்பெனிகள் சம்மதிக்கும்வரைதான் அது நடக்கும். மிர்ரர்லிங்கின் கதையைப் பாருங்கள். நோக்கியா தொடங்கிவைத்து, 2011இல் கார்க் கம்பெனிகளும் போன் கம்பெனிகளும் கூட்டமைப்பு வைத்து வளர்த்த முறை அது. 2020இல் சாம்சங்கும் அதைக் கைவிட்டது. மிர்ரர்லிங்கை மட்டுமே நம்பிச் செய்த கார்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன; அவற்றின் திரையில் சித்திரம் வரைய ஆளில்லை. மறுபக்கம் ஜெனரல் மோட்டார்ஸ் 2023இல், இனி வரும் தன் மின்சாரக் கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று அறிவித்தது. சுவர் எனது, சித்திரத்தையும் நானே வரைகிறேன் என்கிறது கார்க் கம்பெனி. வழி காட்டுவதும் சந்தா வாங்குவதும் திரையைப் பிடித்தவர் கையில் என்பதால் இந்தச் சண்டை சீக்கிரம் முடியாது.

படம் எவ்வளவு மெல்லியது என்று பார்க்கப் புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஏறினால் போதும். வளைவுகளுக்குள் சிக்னல் அறுந்துபோகும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால் நீலப் புள்ளி மட்டும் தப்பாமல் நகரும். வரைபடம் இணையத்திலிருந்து வர வேண்டும் என்பதால் சாலை வராது. வெறும் தாளில் ஒரு புள்ளி ஊர்ந்து போகும். நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிகிறது, அந்த இடம் என்ன என்பது தெரியவில்லை. முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் டீக்கடையில் நிறுத்திக் கேட்கலாம், அந்த இணைப்பு இன்னும் அறவில்லை.

ஆயுள் வித்தியாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. போன் போய்விடும், அதன் நினைவு காரில் தங்கிவிடும். ப்ளூடூத்தில் தொடர்பு எண்களைக் கேட்டு கார் அனுமதி கேட்கும்போது நாம் பெரும்பாலும் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். பெயர்களும் எண்களும் அழைப்புப் பட்டியலும் காருக்குள் இறங்குகின்றன. சில கார்கள் அவற்றை இணைப்பு அறுந்த பிறகும் வைத்துக்கொள்கின்றன. சீசனில் ஓடும் வாடகைக் கார் ஒன்றின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தால் லாட்ஜ் ரிஜிஸ்டர் போல இருக்கும்: யார் யாரோ வந்து தங்கிப் போன பெயர்கள். காரை விற்கும்போது ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதில் இருக்கும் கவனம் இதில் நமக்கு இன்னும் வரவில்லை. வாடகைக் காரை விட்டு இறங்கும்போது உங்கள் போனின் பெயரை அழித்துவிடுங்கள். சொந்தக் காரை விற்கும்போது செட்டின் நினைவை முழுவதுமாகத் துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஓட்டையின் கதைக்கு இன்னொரு முடிவும் இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் அந்த அளவெடுத்த ஓட்டை இல்லை. திரை டேஷ்போர்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. பல கார்களில் ஏ.சி.யும் பின்பக்கக் கேமராவும் அதற்குள்தான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பழைய செட்டோடு வரும் தொண்ணூறுகளின் மாருதி 800க்கு ஆக்சசரீஸ் கடைக்காரர் ஒரே மத்தியானத்தில் புது செட் மாட்டி ப்ளூடூத்தில் பாட விட்டுவிடுவார். ஒட்டிப் பிறந்த திரையோடு வரும் காரைப் பார்த்தால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வது ஒன்றுதான்: “இத நாம தொட முடியாது தம்பி, கம்பெனிக்குத்தான் கொண்டு போணும்.” இன்னும் பத்து வருஷம் கழித்து அந்தக் கம்பெனி என்ன சொல்லும் என்பதைக் கார் வாங்கும் நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது.