ஊழியமும் ஆறு வேலைநாட்களும்: திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'ஊழியம்' என்பது இறைபணி. பழைய திருவிதாங்கூரிலோ அதே சொல், ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பைக் குறித்தது. 1806 முதல் மயிலாடியை மையமாகக் கொண்டு ரிங்கல்தௌபே தொடங்கிய சபைகளில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் அந்த ஊழியத்திற்கு உட்பட்டவர்கள். ரெசிடென்டாகவும் திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோவின் காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயில் சார்ந்த பணிகளிலும் கிறித்தவர்களுக்கு ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. தென் திருவிதாங்கூர்க் கிறித்தவரின் ஓய்வுநாள் இவ்வாறு பெறப்பட்ட ஓர் உரிமை. அந்த ஒரு நாளின் செய்திக்கும் எஞ்சிய ஆறு நாட்களின் உழைப்புக்கும் என்ன தொடர்பு என்ற வினாவும் அன்றே பிறந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அதை நேரடியாக எதிர்கொண்டது வாலிபர் ஊழியம்.

லண்டனில் 1844 ஜூன் 6 அன்று ஜார்ஜ் வில்லியம்ஸும் அவருடைய நண்பர்களும் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினர். அவர்கள் துணிக்கடை ஊழியர்கள். நாள் முழுதும் கடையில் நின்று உழைத்த இளைஞர்க்கு ஜெபமும் வேத ஆராய்ச்சியும் வேண்டும் என்பதே அவர்களது தொடக்க நோக்கம். திருவனந்தபுரம் கிளை 1873-இல் தோன்றியது. இந்தியாவின் மிகப் பழைய கிளைகளுள் அதுவும் ஒன்று. சங்கம் வளர வளர வாசகசாலை, சொற்பொழிவு, விளையாட்டு, விடுதி எனப் பணிகள் பெருகின. விளையாட வரும் இளைஞர் வேதபாடத்திற்கும் வருவாரா என்ற கவலையும் உடன் வளர்ந்தது. உடல், உள்ளம், ஆவி ஆகிய மூன்றையும் குறிக்கும் முக்கோணச் சின்னம் அமெரிக்காவில் லூதர் குலிக் தந்தது. பக்கங்கள் மூன்றும் சமம் என்று வரைவது எளிது. ஒரு வாரத்தின் நேரத்தில் அவ்வாறு பகிர்வது அரிது.

இந்த இழுபறியை இரு தமிழர்களின் வாழ்வில் காணலாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகத் தென்னிந்தியாவில் பணியாற்றினார். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும் 1905-இல் தேசிய மிஷனரி சங்கமும் உருவாகப் பெரும்பங்காற்றினார். 1909-இல் சங்கப் பணியை விட்டு நற்செய்திப் பணிக்காகத் தோர்ணக்கல் சென்றார், 1912-இல் பேராயரானார். சேலத்தில் 1876-இல் பிறந்த கே.டி.பால் தேசிய மிஷனரி சங்கத்திலிருந்து ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்தவர். 1916-இல் அதன் முதல் இந்திய தேசியப் பொதுச்செயலரானார். கடனில் மூழ்கிய உழவரிடம் கூட்டுறவுக் கடன் சங்கத்தைக் கொண்டு செல்வது அவருக்கு ஊழியத்தின் ஒரு பகுதியே. நகர இளைஞரை எண்ணி உருவான இயக்கம் கிராமத்தை நோக்கித் திரும்பியதில் அவருடைய பங்கு பெரிது.

அத்திருப்பத்தின் புகழ்பெற்ற விளைவு மார்த்தாண்டம் திட்டம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற டி. ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் இதை நடத்தினார். திருவனந்தபுரத்திற்குத் தெற்கே தமிழ் பேசும் விளவங்கோடு பகுதியில் அமைந்த மார்த்தாண்டம் அப்போது திருவிதாங்கூருக்கு உட்பட்டது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அங்கு நிறுவிய செயல்விளக்க மையத்தில் உயர்ந்த இனக் காளைகளும் முட்டைக் கோழிகளும் தேனீப் பெட்டிகளும் விதைப் பாத்திகளும் நெசவுக் கொட்டகையும் இருந்தன. கிராமங்களில் இயங்கிய சிறு ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் வழியாக ஏறத்தாழ நூறு ஊர்களை அது எட்டியது. நெருங்கிய நிபுணர் ஆலோசனையோடு கூடிய தன்னுதவி என்பதே அதன் வழிமுறை.

சங்கத்தின் முக்கோணம் மார்த்தாண்டத்தில் ஐந்து பக்கங்களாயிற்று: ஆவி, உள்ளம், உடல், பொருளாதாரம், சமூகம். ஆன்மிகம் தனியொரு மணிநேரமாக ஒதுக்கப்படாமல் ஏனைய நான்கோடும் பிணைக்கப்பட்டது. கிறித்தவர், இந்து, முஸ்லிம் என எவர் வீட்டிலும் அதே தேனீப் பெட்டியே வைக்கப்பட்டது. மதமாற்றம் உதவிக்கு நிபந்தனையாக இல்லை.

இதற்கு எதிர்ப்பு இரு திசைகளிலிருந்தும் எழக்கூடியதாக இருந்தது. கல்வியும் மருத்துவமும் மதமாற்றத்தின் தூண்டிலாகக் கூடாது என்று 1930-களில் காந்தி தொடர்ந்து வற்புறுத்தினார். ஹாக்கிங் தலைமையிலான அமெரிக்கக் குழுவின் 1932-ஆம் ஆண்டு அறிக்கையும், தொண்டு தன்னளவில் மதிப்புடையது, பிரசங்கத்தின் கருவியாக அது இருக்கத் தேவையில்லை என்றது. மறுபுறம், 1938-இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டிற்கென எழுதிய நூலில், டச்சு இறையியலாளர் ஹென்ரிக் க்ரேமர் நற்செய்தியின் தனித்தன்மை மங்கிவிடக்கூடாது என வாதிட்டார். முதல் தரப்பார்க்கு மார்த்தாண்டத்தின் ஆன்மிகப் பக்கம் ஐயத்திற்குரியது. இரண்டாம் தரப்பார்க்கு அது போதாதது.

இவ்விவாதத்தை எடைபோட ஒரு சிறு நிறுவனம் உதவுகிறது. மார்த்தாண்டத்தின் கூட்டுறவு முயற்சிகளுள் மிகச் சிறந்த வெற்றி பெற்றது முட்டை விற்பனைக் குழு. 1939-க்குள் அது தன்னைத்தானே ஆளும் அமைப்பாகிவிட்டது. தூண்டில் போடுபவர் கோலை மீனின் கையில் கொடுப்பதில்லை. கணக்கும் நிர்வாகமும் உறுப்பினர் கைக்கு மாறின என்பது, தூண்டில் என்ற ஐயத்திற்கு ஒரு வலுவான மறுமொழி. மூன்று தலைமுறைகளுக்கு முன் கூலியில்லாமல் உழைத்த மக்களின் மண்ணில், உழைப்பின் பலனை உழைத்தவரே ஆள்வது சிறிய செய்தி அன்று.

எனினும் அதற்கு ஒரு விலை இருந்தது. கைமாறிய பணி, தொடங்கியவரின் பெயரையும் அவரது நம்பிக்கையையும் தன்னோடு சுமந்து செல்வதில்லை. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்றது. அதை வாங்குவோரில் ஒய்.எம்.சி.ஏ.வை நினைப்போர் அரியர். வேளாண் விரிவாக்கப் பாடநூல்கள் இத்திட்டத்தைச் சமுதாய வளர்ச்சித் திட்டங்களின் முன்னோடியாக வரிசைப்படுத்துகின்றன. ஐந்து பக்கங்களுள் முதலாவதாக அவை ஆன்மிகத்தைப் பட்டியலிட்டுவிட்டு, உடனே கோழிகளுக்கும் தேனீக்களுக்கும் நகர்ந்துவிடுகின்றன. முட்டைகளை எண்ணலாம், செய்தியை எண்ண இயலாது. எண்ணக்கூடியதே ஏட்டில் நிலைக்கிறது.

ஆகவே, 'வாரப் பணியால் செய்தி மறைந்தது' என்னும் வழக்கமான தீர்ப்பு முழு உண்மையன்று. மன்றோ கால விலக்கு ஊழியத்தையும் ஆராதனையையும் இரு வேறு நாட்களில் பிரித்து நிறுத்தியது. மார்த்தாண்டம் அவ்விரண்டையும் மீண்டும் ஒரே வாரத்தில் சேர்க்க முயன்றது. இணைப்பு எவ்வளவு முழுமையோ அவ்வளவுக்குச் செய்தி தனியே கண்ணுக்குப் புலப்படாது போகும். அதைத் தோல்வி என்பதா, நிறைவு என்பதா என்பதில்தான் அசரியாவின் பாதையும் பாலின் பாதையும் பிரிந்தன. வாலிபர் ஊழியம் பற்றிய இன்றைய விவாதங்களும் அந்தப் பிரிவிலேயே நிற்கின்றன.