குழாய் இடம் மாறியபோது

அமெரிக்காவின் சாதாரண வீடு ஒன்றில், காற்றுக்குழாய்களுக்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு அறைகளுக்குப் போய்ச் சேராமலே வழியில் வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. வட அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பலருக்கும் இது பழகிய தொல்லைதான். ஓர் அறை குளிரில் விறைக்கும், அடுத்த அறை வெந்துபோகும், மின்கட்டணமோ ஏறிக்கொண்டே இருக்கும். காரணம் கேட்டால், அந்தக் காலத்துத் தகர வேலைக்காரர்கள் மூட்டுகளைச் சரியாக அடைக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற பதில் வரும். இந்தப் பதில் அவர்களுக்கு அநீதி இழைக்கிறது என்றே நினைக்கிறேன். 1920-களில் மூட்டு போட்டவரும் 1960-களில் மூட்டு போட்டவரும் செய்த வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. குழாய் கிடந்த இடம்தான் மாறியது. முன்பு யாருக்கும் கெடுதல் செய்யாத இடுக்கு, குழாய் வேறோர் இடத்துக்குப் போனதும் வீட்டின் பெருஞ்செலவாயிற்று. இடம் மாறியதைக் கட்டுமானத் தொழில் கண்டுகொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் நிலவறைகளில் இடம்பிடித்த வெப்பக்காற்று உலையிலிருந்து கதையைத் தொடங்கலாம். 1895-இல் ஐயோவா மாநிலத்து மார்ஷல்டவுனில் டேவ் லெனாக்ஸ் எஃகுத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்த உலைகளைச் செய்யத் தொடங்கினார். வார்ப்பிரும்பு உலைகளில் பாகங்களின் இணைப்பு வழியே நிலக்கரிப் புகை கசிந்து வீட்டுக்குள் பரவும். தகட்டு உலையில் அந்தத் தொல்லை குறைவு. உலையைச் சுற்றிச் சூடான காற்று தானாகவே மேலேறி, அகலமான தகரக் குழாய்கள் வழியாக அறைகளின் தரைத்துளைகளுக்குச் செல்லும். குளிர்ந்த காற்று வேறு வழியே கீழே இறங்கி உலைக்குத் திரும்பும். எட்டுத் திக்கும் கைநீட்டி நின்ற அந்த அமைப்பை மக்கள் ஆக்டோபஸ் என்றே அழைத்தார்கள். விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட லேசானது என்ற ஒன்றுதான் அதை இயக்கிய விசை. ஆகவே குழாயின் உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த அழுத்த வேறுபாடு மிகமிகச் சிறியது. மூட்டில் இடுக்கு இருந்தாலும் அதன் வழியே காற்றைப் பிதுக்கித் தள்ள விசை இல்லை. தப்பிக் கசிந்த கொஞ்சமும் நிலவறைக்குள்தான் விழுந்தது. நிலவறை சூடானால் அதற்கு மேலே உள்ள தரையும் சூடாகும். கசிந்த வெப்பத்தில் கணிசமான பங்கு இப்படி வீட்டுக்கே திரும்பிவிட்டது.

அந்தத் தொழில் அறியாமையில் கிடந்ததாகவும் சொல்ல முடியாது. வெப்பக்காற்று உலை செய்வோரின் சங்கம் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1924-இல் அர்பானா நகரில் ஆராய்ச்சிக்கென்றே முழு வீடு ஒன்றைக் கட்டியது. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரான ஏ. சி. வில்லார்டும் அவருடைய குழுவினரும் குழாயின் விட்டம், சாய்வு, அறைக்குள் காற்று நுழையும் வெப்பநிலை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் காலத்து வீட்டில் உலையின் எரிதிறனும் குழாயின் அளவும்தான் பெரிய கேள்விகள். அவற்றுக்கு அவர்கள் கண்ட விடைகள் சரியானவை. கசிவு அவர்களை அவ்வளவாக வாட்டாததற்குக் காரணம், அந்த வீட்டில் அது வாட்டக்கூடிய ஒன்றாக இல்லை என்பதே.

1930-களில் மின்விசிறி உலையோடு சேர்ந்தது. காற்றைத் தள்ள இயந்திரம் வந்ததும் குழாய்கள் ஒல்லியாயின, வளைந்து நெளிந்து எங்கும் போக முடிந்தது. உலை வீட்டின் நடுவில்தான் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. ஆனால் விசிறியோடு அழுத்தமும் சேர்ந்தே வந்தது. இடுக்கு அதே இடுக்குதான். அதன் வழியே வெளியேறும் காற்று மட்டும் கூடிவிட்டது. பல வீடுகளில் பழைய ஆக்டோபஸ் குழாய்களிலேயே விசிறியைப் பொருத்தினார்கள். திரும்பும் காற்றுக்குக் குழாய் செய்வதையே மிச்சப்படுத்தும் வழக்கமும் பரவியது. தரையைத் தாங்கும் இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையே அடியில் ஒரு தகரத்தை ஆணியடித்தால் அதுவே குழாய். சுவருக்குள் இரண்டு நிற்கும் சட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடமும் குழாய். மரம் காய்ந்து சுருங்கியதும் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும். அதுகூட நிலவறை இருந்தவரை பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. அந்தக் காலத்தவர்கள் மூட்டுகளின் மேல் அஸ்பெஸ்டாஸ் தாளைப் பசையிட்டு ஒட்டினார்கள். வெப்பத்தைக் காக்கத்தான் அது ஒட்டப்பட்டது; போகிறபோக்கில் கசிவையும் ஓரளவு அடைத்தது. இன்று பழைய நிலவறைகளில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் அந்தத் தாளைப் பயிற்சி இல்லாதவர் கிழித்தால் நுரையீரலுக்கு ஆபத்து. அக்குழாய்களைத் திருத்துவது இன்றைக்கும் கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மாற்றம்தான் பெரியது. படைவீரர்கள் ஊர் திரும்பினார்கள், வீடுகள் லட்சக்கணக்கில் எழுந்தன. ஃபுளோரிடா, டெக்சஸ், அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களுக்கு மக்கள் பெயர்ந்தார்கள். அங்கே நிலவறை தோண்டுவது வழக்கமில்லை. கான்கிரீட் தளத்தை நேரே மண்மேல் போட்டு வீட்டை எழுப்பிவிடுவார்கள். குழாய் போகக் கீழே இடமில்லாததால் மேலே, ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள பரணுக்குப் போயிற்று. உட்கூரையின் மேலேதான் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு பரப்பப்படும். அதற்கும் மேலே கிடக்கும் குழாய், வெப்பக் கணக்கில் வீட்டுக்கு வெளியே கிடப்பதாகவே பொருள். கோடைப் பகலில் அந்தப் பரண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழாய்க்குள் ஓடுவதோ 13, 14 டிகிரி காற்று. அனுப்பும் குழாயில் இடுக்கு இருந்தால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று ஓட்டுக்கடியில் கொட்டிப்போகும். கெடுதல் அத்தோடு நிற்பதில்லை. வெளியே போன காற்றுக்கு ஈடாக, வீடு தன் சன்னல் இடுக்கு, சுவர்த்துளை எல்லாவற்றின் வழியாகவும் வெளியிலிருந்து புழுக்கக் காற்றை உறிஞ்சும். திரும்பும் குழாயில் இடுக்கு இருந்தால் பரணின் கொதிக்கும் காற்றும் தூசியும் நேரே இயந்திரத்துக்குள் போகும். அர்பானா வீட்டில் குற்றமே இல்லாத அதே மூட்டு, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கேடுகளைச் செய்தது. கட்டியவர்களோ பழைய பழக்கத்தையே தொடர்ந்தார்கள். பழக்கத்தை மாற்றச் சொல்ல யாரும் இருக்கவில்லை. மாற்றவேண்டும் என்பதற்கான அறிகுறி எதுவும் கண்ணில் படவும் இல்லை.

எரிபொருள் மலிவாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை, அவ்வளவுதான் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு விளக்கமாக இருந்தால், 1973-இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையோடு குழாய்களைத் தேடும் வேலை தொடங்கியிருக்கவேண்டும். அப்படி நடக்கவில்லை. 1976-இல் ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கு எதிராகச் சீர்செய்ய மத்திய அரசு தனித்திட்டம் கொண்டுவந்தது. 1977 பிப்ரவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வையுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். மக்களும் சளைக்கவில்லை. சன்னல் ஓரங்களில் பசை பூசினார்கள், கதவடியில் பட்டை ஒட்டினார்கள், பரணில் பஞ்சைக் கூட்டினார்கள். குழாயை மட்டும் தொடவில்லை. விலை ஏறிய பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் கசிவு மறைந்தே கிடந்ததற்கு மலிவைக் காரணம் காட்ட முடியாது. சன்னலோரக் காற்று முகத்தில் அடிக்கும். பரணில் கொட்டும் காற்று யார் முகத்திலும் அடிப்பதில்லை.

அதைக் காட்ட அளவுகருவி தேவைப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சோகோலோவின் தலைமையில் 1970-களில் ஒரு குழு நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் வரிசை வீடுகளை ஆராய்ந்தது. கணக்குப்படி இழக்கவேண்டியதைவிட அதிக வெப்பத்தை அந்த வீடுகள் இழந்துகொண்டிருந்தன. டேவிட் ஹாரியே, கௌதம் தத் உள்ளிட்டோர் தேடியபோது, பஞ்சைச் சுற்றிக்கொண்டு பரணுக்குப் போகும் மறைவழிகள், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பொந்து போன்றவை அகப்பட்டன. நோயாளியைச் சோதிப்பதுபோல வீட்டைக் கருவிகளோடு சோதிக்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. ஸ்வீடனில் உருவான, விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டின் காற்றை வெளியே இழுத்துக் கசிவை அளக்கும் உத்தியும் அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்கு வந்தது. குழாய்களின் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியவர்கள் ஃபுளோரிடாக்காரர்கள். ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஜேம்ஸ் கம்மிங்ஸ், வீடு திருத்தும் தொழிலிலிருந்து வந்த ஜான் டூலி, நீல் மோயர் ஆகியோர் 1980-களின் பின்பாதியில் ஒன்றைக் கவனித்தார்கள்: வீட்டுக் குளிரூட்டியின் விசிறியை ஓடவிட்டதுமே, வெளிக்காற்று வீட்டுக்குள் புகும் வேகம் பல மடங்காகிறது. சோதனையாளர்கள் அதுவரை குளிரூட்டியை நிறுத்திவைத்தே கசிவை அளந்துவந்தார்கள். அதனால் குழாய்க் கசிவின் உண்மையான அளவு அவர்களுக்கு அகப்படவில்லை. இடுக்குகளை அடைத்த வீடுகளில் குளிரூட்டும் மின்செலவு சராசரியாக ஆறில் ஒரு பங்கு குறைந்தது. சன்னலை மாற்றி இந்த அளவு மிச்சம் பிடிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், குழாய்க்கு ஆன செலவு சொற்பம்.

இங்கே இன்னொரு கேள்வி எழும். மூட்டுகளில் டேப் ஒட்டும் வழக்கம்தான் போர் முடிந்த காலத்திலிருந்தே இருந்ததே? இருந்தது. அந்த டேப்பின் பிறப்பே வேறு. இல்லினாயில் வெடிமருந்துப் பெட்டிகளை அடுக்கிய வெஸ்டா ஸ்டவுட் என்ற தொழிலாளி, இரண்டு கடற்படை வீரர்களின் தாய், போர்க்களத்தில் பெட்டியை விரைவாகத் திறக்கவும் நீர் புகாமல் காக்கவும் துணி டேப் வேண்டும் என்று 1943-இல் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதைத் தயாரித்தது. போர் முடிந்ததும் அது வெள்ளி நிறம் பெற்றுக் குழாய் மூட்டுகளுக்கு வந்தது, பெயரும் டக்ட் டேப் என்று நிலைத்தது. பெட்டிக்கு ஏற்ற பொருளைச் சூடும் குளிரும் மாறிமாறி வரும் தகரத்தில் ஒட்டியபோது, ரப்பர் பசை காய்ந்து இறுகியது, மேலுள்ள பிளாஸ்டிக் படலம் சுருங்கியது, துணி உரிந்து தொங்கியது. 1998-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை அடைப்புப் பொருள்களை மாதக்கணக்கில் சூடேற்றியும் குளிரவைத்தும் சோதித்தார்கள். தோற்றது துணி டக்ட் டேப் ஒன்றுதான். அதன்பின் கலிஃபோர்னியா அந்த டேப்பைத் தனியாகப் பயன்படுத்தக் கட்டட விதிகளில் தடை போட்டது. ஆகவே அடைக்க முயலவே இல்லை என்பது சரியல்ல. அடைத்தார்கள், அடைத்தது நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்க வழியில்லாமல்தான் போயிற்று.

வலைத்துணி வைத்துத் தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசை அதற்கு நல்ல மாற்றாயிற்று. ஆனால் பசை பூசக் கை எட்டவேண்டும். பழைய வீட்டில் பாதிக் குழாய் சுவருக்குள் புதைந்திருக்கும். அதே பெர்க்லி ஆய்வகத்தில் மார்க் மொடேரா 1990-களில் கண்ட வழி எனக்குப் பெரும் வியப்பளிப்பது. அறைகளில் காற்று வரும் வாய்களை எல்லாம் மூடிவிட்டு, பசைத்துகள் கலந்த மூடுபனியைக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். வெளியேற வழி இடுக்குகள் மட்டுமே. காற்று இடுக்கின் விளிம்பில் சட்டென வளைந்து திரும்பும்போது, துகள்கள் வளைய முடியாமல் விளிம்பிலேயே மோதி ஒட்டுகின்றன. ஓட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டே வருகிறது. ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்வரை இப்படி அடைபடும். அதைவிடப் பெரிய பிளவுக்கும் கழன்றுபோன மூட்டுக்கும் மனிதக் கைதான் வேண்டும்.

பழைய வீடு மூச்சுவிட வேண்டும், எல்லாவற்றையும் அடைத்தால் உள்ளே நச்சுக்காற்று தேங்கும் என்று அஞ்சுவோர் உண்டு. இந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் குழாய் இடுக்கு தருவது நல்ல மூச்சு அல்ல. அது பரணின் தூசியையும், தரைக்கடி மண்ணின் ஈரத்தையும், சில வீடுகளில் வண்டி நிறுத்தும் அறையின் புகையையும் இழுத்துவருகிறது. எரிவாயு உலை நிற்கும் சிற்றறையில் திரும்பும் குழாய் கசிந்தால், அந்த அறையின் அழுத்தம் குறைந்து, புகைபோக்கி வழியே மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே இறங்கக்கூடும். உயிரைக் காக்க முதலில் அடைக்கவேண்டிய இடுக்கு அதுதான். அடைத்து முடித்ததும் புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று சோதிப்பதும், தேவைப்பட்டால் நல்ல காற்று வரத் தனி விசிறி வைப்பதும் அந்த வேலையைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்யாமல் அடைத்துவிட்டுப் போகிறவர் அரைவேலைதான் செய்கிறார்.

வெப்பக் காப்புக்கு வெளியே குழாய் போகும் புதிய வீடுகளில் கசிவை அளந்தே ஆகவேண்டும் என்று 2009-இன் மாதிரி ஆற்றல் விதிகள் சொல்லின. பழைய வீட்டின் நிலை வேறு. அதன் கூரையைப் பிரித்துப் பார்க்க எந்த விதியும் யாரையும் அனுப்பாது. கலிஃபோர்னியா 2005-இல் ஒரு நல்ல தருணத்தைத் தேர்ந்தெடுத்தது: மாநிலத்தின் பல பகுதிகளில் உலையையோ குளிரூட்டியையோ மாற்றுகிறவர் அன்றே குழாயையும் சோதித்து அடைக்கவேண்டும் என்றாயிற்று. அன்று தொழிலாளி ஏற்கெனவே பரணில் இருக்கிறார், இயந்திரம் கழற்றப்பட்டிருக்கிறது, வீட்டுக்காரரும் பணம் எடுத்துவைத்திருக்கிறார். பிற மாநிலங்கள் பலவற்றில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே பழையதைவிடச் சிக்கனமான புது இயந்திரத்தை வாங்கி, ஐம்பது ஆண்டுப் பழங்குழாயின் வாயில் பொருத்திவிட்டுப் போகிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிக்கனக் கணக்கில் பரணுக்குப் போகும் பங்கு சேர்வதில்லை.