"நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்ல": ரிசப்ஷன்ல ஏன் யாரும் ஆட மாட்டேங்கிறாங்க? ஒரு த்ரெட்

1) போன ஞாயித்துக்கிழமை சொந்தத்துல ஒரு ரிசப்ஷன். நைட் டூட்டிய மாத்திக்கிட்டுப் போயிருந்தேன். டி.ஜே. தம்பி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு "எல்லாரும் வாங்க, வாங்க"ன்னு தொண்டை கிழியக் கூப்பிடுறார். மாப்பிள்ளையோட காலேஜ் பசங்க ஆறு பேரைத் தவிர ஒருத்தரும் எந்திரிக்கல.

2) அவர் விடல. நேரா வந்து எங்க அத்தை கையைப் பிடிச்சு இழுத்துட்டார். அத்தைக்கு 64 வயசு. முகம் சிவந்துபோச்சு. "ஆடுறதுக்கு வேற ஆளப் பாருங்க தம்பி. நாங்க அந்த மாதிரிக் குடும்பம் இல்ல."

3) அது என்ன "அந்த மாதிரி"? வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு நூறு வருஷ வரலாறு இருக்கு மக்களே.

4) நம்ம ஊர்ல ரெண்டு மேளம் இருந்துச்சு. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தா பெரிய மேளம். சதிர் ஆடும் பெண்கள், நட்டுவனார், பக்கவாத்தியம் எல்லாம் சேர்ந்தா சின்ன மேளம். இசை வேளாளர்கள்னு இன்னைக்கு நாம சொல்ற சமூகம்தான் ரெண்டுக்கும் தாய்வீடு.

5) ஜமீன்தார், வணிகர் வீட்டுக் கல்யாணம்னா ரெண்டும் வரும். விருந்தாளிக்குச் சந்தனம், வெத்தலைபாக்கு, அப்புறம் சதிர்க் கச்சேரி. கவனிங்க, விருந்தாளி ஆடல. உக்காந்து பார்த்தார். ஆடுறது ஒரு சமூகத்தோட தொழில், பார்க்குறது பெரிய மனுஷங்களோட அந்தஸ்துன்னு அங்கேயே ஒரு கோடு விழுந்துடுச்சு.

6) 1890-கள்ல சீர்திருத்தக்காரர்கள் இதை எதிர்த்தாங்க. சதிர் நடக்கிற விருந்துக்குப் போகாதீங்கன்னு 1893-ல் வைஸ்ராய்க்கும் சென்னை கவர்னருக்கும் மனுவே கொடுத்தாங்க. ரெண்டு பேரும் ஏத்துக்கல. ஆனா படிச்ச குடும்பங்கள்ல "ஆட்டம்னா அசிங்கம்"ங்கிற எண்ணம் வேர் பிடிச்சிருச்சு.

7) இப்ப எங்க துறைக்காரர் ஒருத்தர் வர்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில பிறந்தவர், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் பட்டம் வாங்கினவர். 1927-ல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். சின்னப் பெண் குழந்தைகளுக்குக் கோயில்ல பொட்டுக்கட்டுற வழக்கத்தை ஒழிக்கணும்னு போராடினார். 1947-ல் சட்டம் வந்துச்சு.

8) ஒரு டாக்டரா சொல்றேன், அவர் கேட்டது நியாயம். தன் வாழ்க்கை என்னன்னு தெரியாத வயசுல ஒரு குழந்தையோட வாழ்க்கையை இன்னொருத்தர் முடிவு பண்றதை எந்தக் கலையின் பெயராலயும் நியாயப்படுத்த முடியாது.

9) ஆனா மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு இல்லையா? பெங்களூரு நாகரத்தினம்மா போன்றவங்க அப்பவே எதிர்த்தாங்க. எங்க கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்காதீங்கன்னு கேட்டாங்க. ஆந்திராவுல 1956-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, கல்யாணம் மாதிரி வீட்டு விசேஷங்கள்ல அந்தப் பெண்கள் ஆடுறதையும் சேர்த்தே தடுத்தாங்க.

10) இதுக்கு நடுவுல சதிர், பரதநாட்டியம்னு பேர் மாறி சபா மேடை ஏறிடுச்சு. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறுல ஆடினார். "நல்ல குடும்பத்து"ப் பிள்ளைங்க கத்துக்க வந்தாங்க. கல்யாண வீட்டுல பெரிய மேளம் இன்னைக்கும் இருக்கு. சின்ன மேளம் காணாமப் போச்சு. அதை நம்பி வாழ்ந்த வீடுகளுக்கு மிச்சம் கிடைச்சது ஒரு வசைச்சொல்.

11) நம்ம விருந்தாளிங்க எந்திரிக்காததுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க அத்தை சொன்ன "அந்த மாதிரி" இங்கிருந்துதான் வருது.

12) இன்னொண்ணு. முத்துலட்சுமி அம்மையாரின் தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஜூலை 30, அம்மையார் பிறந்தநாள், தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல மருத்துவமனை தினம். நாங்க படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுறது "அந்த மாதிரிக் குடும்பத்து"ப் பொண்ணைத்தான்.

13) இதை அத்தைகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "ஏன் அத்தை, சின்ன வயசுல நீங்க ஆடினதே இல்லையா?"ன்னு கேட்டேன். "ஆட்டமா? கும்மி அடிச்சிருக்கேன். பொங்கலுக்கு நான்தான் முதல்ல பாட்டு எடுப்பேன். அதெல்லாம் ஆட்டத்துல சேர்த்தியா?"

14) சேர்த்திதான்! கோட்டுக்கு அந்தப் பக்கமும் நாம ஆடிக்கிட்டுதான் இருந்தோம். நீலகிரியில படுகர் கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்க. ஆம்பளை, பொம்பளை, பெரியவங்க, சின்னவங்கன்னு வட்டமா நின்னு ஆடுவாங்க. அங்க வேடிக்கை பார்க்குறவங்கதான் கம்மி.

15) அதனால ரிசப்ஷன் வைக்கிறவங்களுக்கு என் சின்ன யோசனைகள்:
- கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. மைக்ல பேர் சொல்லி மானத்தை வாங்காதீங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க.
- மேடையில ஆடச் சொல்லாதீங்க, அங்க போனா பார்க்கப்படுறோம்ங்கிற கூச்சம் வரும். நாற்காலிகளை ஒதுக்கி நடுவுல வட்டம் போடுங்க.
- முதல் பாட்டு வீட்டுப் பெரிய பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச கும்மியா இருக்கட்டும். சத்தத்தைக் குறைங்க.
- பந்திக்கு முன்னாடி ஆடுங்க. ஆடும்போது நெஞ்சு இறுக்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. "கேஸ்"னு சோடா குடிச்சுட்டு உக்காராதீங்க.

16) தை மாசம் அத்தை பேத்திக்குக் கல்யாணம். "கும்மின்னா யோசிக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கும் டூட்டிய மாத்திடுவேன்.