கொல்லைக்கு வந்த மூட்டை

தஞ்சை வட்டாரத்தில் உரத்தின் கதையை வயலிலிருந்தே தொடங்குகிறோம். அதனால் வீட்டுக் கொல்லைக்கு எந்த உரம் நல்லது என்று கேட்டாலும் வயலுக்கான பதிலே கிடைக்கிறது. வயலுக்கு ரசாயன உரம் வந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கொல்லைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

பழைய டெல்டா வயல் தன் எருவை முழுக்கத் தானே உண்டாக்கிக்கொண்டதில்லை. ஆற்று நீரோடு வண்டல் வந்தது. கோடையில் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்தார்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து ஆட்டுக்கிடை போட்டார்கள். கொளிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதார்கள். வேம்பு, பூவரசு, புங்கன் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தார்கள். இந்த வரத்துகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலில் ஒரு பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிட்டது. டிராக்டர் வர வர உழவு மாடு குறைந்தது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதையும் உரமும் கடனும் ஒரே கட்டாக வந்தன. நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தைக் கூட்டினால் பயிர் சாய்ந்துவிடும். ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27ம் பின்னால் வந்த குட்டை ரகங்களும் உரத்தை நெல்லாக்கித் தந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் அவ்வளவு எடுபட்ட காலம் அது; அன்று உர மூட்டையை வாங்கிய விவசாயியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. கணக்கும் அவர் பக்கம்தான். தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு, யூரியாவில் 46 பங்கு. ஒரு ஹெக்டேர் குறுவைக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் தொழுவுரம் 30 டன் வேண்டும். அவ்வளவுக்கு எத்தனை தொழுவம் இருந்தது?

அதே கணக்கை ஒரு சென்ட் கொல்லைக்குப் போட்டால் 120 கிலோதான் வரும். ஒரு மாடு சில வாரங்களில் தந்துவிடும். கொல்லையின் நிலைமையே வேறு. வயலில் விளைந்தது வெளியே போனது; கொல்லைக்கோ வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. நெல்லும் காயும் விறகும் வீட்டுக்குள் நுழைந்து, கழுநீராகவும் சாம்பலாகவும் குப்பையாகவும் பின்கட்டு வழியே வெளியேறின. வாழை கழுநீர் பாயும் இடத்தில் நின்றது. அடுப்புச் சாம்பலே அதற்குச் சாம்பல்சத்து.

வேருக்கு எல்லாம் ஒன்றுதானே, எருவிலிருந்து வந்தாலும் யூரியாவிலிருந்து வந்தாலும் அது எடுப்பது அம்மோனியமும் நைட்ரேட்டும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் யூரியா சில நாளில் கரைந்து தீரும், மண்ணுக்கு மக்கு எதையும் விட்டுவைக்காது. ஏக்கர் கணக்கில் தூவும்போது ஒரு பிடி கூடினால் பரவலாகப் போய்விடும். ஒரே கத்தரிச் செடியின் தூரில் விழுந்தால் வேர் கருகும், பிழைத்தாலும் காய்க்காமல் இலையாய்த் தழைத்து அசுவினியைக் கூட்டும். மக்கிய எருவில் கை கொஞ்சம் தாராளமானாலும் செடி பொறுத்துக்கொள்ளும். மாடு இல்லாத வீடுகள் பெருகிவிட்டன என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஆனால் சமையலறைக் கழிவும் உதிர்ந்த சருகும் மாட்டோடு போய்விடவில்லை. குழியில் மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காத்தால் சில மாதங்களில் மக்கிவிடும். குறைகிற தழைச்சத்துக்குக் கடலைப் பிண்ணாக்கோ வேப்பம் பிண்ணாக்கோ போதும். மண் பரிசோதனையில் துத்தநாகக் குறை தெரிந்தால் மட்டும், அதற்கு அளவோடு துத்தநாக சல்பேட் இடுவதில் எனக்கு மறுப்பில்லை.